வாசிக்காமல் வைத்த கையெழுத்து

1

மலர்க்குழுப் பிள்ளைகளே,

நம் பள்ளிக்கூடத்தின் ஆண்டுவிழா மலருக்குக் கட்டுரை கேட்டு நீங்கள் போட்ட கடிதம் ரொறன்ரோவில் என் கைக்கு வந்து சேர்ந்தது. இந்தக் காலத்திலும் மலர் போட நினைத்தீர்களே, அதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். "பாடசாலையின் மூத்த நலன்விரும்பி" என்று என்னை எழுதியிருந்தீர்கள். பிழையில்லை. பள்ளி முற்றத்தில் இருக்கிற கிணறு நான் கட்டிக் கொடுத்தது. கிணற்றுக் கட்டில் என் பெயர் இன்னும் இருக்கிறதோ, சீமெந்து பெயர்ந்துவிட்டதோ தெரியாது. முதல் ஓலைக் கொட்டிலுக்கு மரம் தறித்தவன் நான். உடையார்கட்டுக்கு அங்காலே நாலாம் வாய்க்கால் குடியேற்றத்தில் முதல் உழவு இயந்திரம் வாங்கியவனும் நான்தான். இதையெல்லாம் நானே சொல்லக்கூடாது என்பார்கள். நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப் போகிறார்கள்? அந்தக் காலத்து ஆட்களில் பாதிப் பேர் போய்விட்டார்கள்.

கடிதம் வந்த அன்றே எழுத உட்கார்ந்தேன். கிணறு வெட்டிய கதை மூன்று பக்கம் வந்தது. நன்றாகவே வந்தது. அதற்குப் பிறகு ஒரு புதன்கிழமை என் பேத்தியின் பள்ளிக்கூடத்தில் ஒரு கூட்டத்துக்குப் போனேன். திரும்பி வந்து அந்த மூன்று பக்கத்தையும் கிழித்துப் போட்டேன்.

இது வேறு கட்டுரை. மலருக்குப் பொருந்துமா என்பதை வாசித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

2

நான் இங்கே என் மகள் புவனத்தோடு இருக்கிறேன். மருமகன் இரண்டு வேலை செய்கிறார்; அவர் முகத்தை ஞாயிற்றுக்கிழமைகளில்தான் பார்க்கலாம். புவனம் ஒரு பேக்கரித் தொழிற்சாலையில் பாண் அடைக்கிறாள். பேத்தி ஆரணிக்கு ஏழு வயது. என்னோடு தமிழில் தொடங்கி இங்கிலீசில் முடிப்பாள். முடிக்கிற பகுதி எனக்கு விளங்காது, தலையாட்டுவேன்.

ஆரணி வகுப்பில் வாசிக்கிறாள் இல்லை என்று பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது. மேல்வீட்டுப் பெட்டை வாசித்துச் சொன்னாள். கூட்டத்துக்குத் தாய் தகப்பன் வரவேண்டுமாம். மருமகனுக்கு லீவு இல்லை. "நான் வாறன், எனக்குத் தெரியாத கூட்டமோ" என்று நான் வெளிக்கிட்டேன். பழைய கோட்டையும் போட்டுக்கொண்டேன்.

ஒரு வட்ட மேசை. வகுப்பு ரீச்சர் தவிர நாலு பேர். வாசிப்பு ஒன்றையே படித்துப் பட்டம் வாங்கிய ஒரு அம்மா. பேச்சையும் நாக்கையும் பார்க்கிற ஒருவர். கண் பார்க்கிற ஒருவர். பிள்ளைகளின் மனதைப் பார்க்கிற ஒரு இளந்தாரி. அவருக்கு இன்னும் மீசை சரியாக முளைக்கவில்லை. ஒரு பிள்ளை வாசிக்கவில்லை என்பதற்கு இத்தனை பேர்! ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஒலியைப் பிரித்துக் கேட்கப் பழகவில்லை என்றார் ஒருவர். இரண்டு மொழி ஒரே நேரத்தில் வருவதால் கொஞ்சம் சுணங்கும், பயமில்லை என்றார் மற்றவர். கண்ணைப் பரிசோதிக்காமல் எதுவும் பேசவேண்டாம் என்றார் கண்காரர். வீட்டில் யாராவது மடியில் வைத்து வாசித்துக் காட்டுகிறீர்களா என்று அந்த இளந்தாரி கேட்டார்.

நான் எழுந்து நின்று எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் எழுப்பிய கதையைப் பத்து நிமிடம் சொன்னேன். மொழிபெயர்க்க வந்த பெண் அதை இரண்டு வசனத்தில் முடித்துவிட்டாள். எல்லோரும் சிரித்துத் தலையாட்டினார்கள்.

வாசிப்பு அம்மா கடைசியில் ஒரு யோசனை சொன்னார். சனிக்கிழமைகளில் நூலகத்தில் தாயும் பிள்ளையுமாகப் படிக்கிற வகுப்பு ஒன்று நடக்கிறது. தாய் தன் மொழியில் வாசிக்கட்டும், பிள்ளை பக்கத்தில் இருந்து பார்க்கட்டும், இங்கிலீஷ் தானாக வரும் என்றார். சொல்லிவிட்டு ஒரு தமிழ்ப் பிள்ளைப் புத்தகத்தை எடுத்துப் புவனத்தின் கையில் கொடுத்தார். ஒரு பக்கம் வாசியுங்கள், உங்கள் மொழி எப்படி ஒலிக்கிறது என்று கேட்க ஆசையாக இருக்கிறது என்றார்.

புவனம் புத்தகத்தை விரித்தாள். மூடினாள்.

"கண்ணாடி கொண்டு வரேல்லை" என்றாள்.

அவளிடம் கண்ணாடி என்ற ஒன்றே கிடையாது. கண்காரர் உடனே தன் கொப்பியை எடுத்து, அம்மாவுக்கும் ஒரு பரிசோதனைக்கு நாள் குறித்தார். பிறகு ஒரு படிவம் வந்தது. அடியில் பெற்றார் கையெழுத்து. அதற்கு மேலே உள்ள வரியை மொழிபெயர்ப்புப் பெண் சொன்னாள்: "மேலே உள்ளதை வாசித்து விளங்கிக்கொண்டேன்." புவனம் ஒரு எழுத்தையும் பார்க்காமல் கையெழுத்து வைத்தாள். அவள் கையெழுத்து வைக்கிற விதம் எனக்கு நன்றாகத் தெரிந்த விதம். அவள் அதை எழுதவில்லை. வரைந்தாள்.

வீட்டுக்கு வருகிற பஸ்ஸில் கேட்டேன்.

"ஏன் பிள்ளை, சனிக்கிழமை ஒருக்காப் போய்ப் பாரன்?"

"எனக்கு மண்டையிலை ஏறாதப்பா. சும்மா இருங்கோ."

"ஆர் சொன்னது ஏறாதெண்டு?"

"ஆர் சொல்ல வேணும்? நான் வாசிக்கேல்லை எண்டுதானே அந்த ரீச்சர் ஊர்ப் பள்ளிக்கூடத்தை விட்டிட்டுப் போனவா. ஒரு ரீச்சரையே ஓட வைச்ச மொக்கு நான்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆரணியும் விளங்காமல் சிரித்தாள். இத்தனை வருஷமாக என் மகள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அந்த ரீச்சர் ஏன் போனார் என்று உள்ளபடி தெரிந்த ஆள் நான்; அவளுக்குப் பக்கத்துச் சீற்றில்தான் இருந்தேன். எங்கள் தரிப்பு வந்ததும் ஆரணியின் கையைப் பிடித்துக்கொண்டு முதல் ஆளாக இறங்கினேன்.

3

வடமராட்சியிலிருந்து நான் வன்னிக்கு வந்தது லொறியின் பின்பக்கத்தில். ஆனையிறவு தாண்டும்போது உப்புக்காற்று முகத்தில் அடித்தது ஞாபகம் இருக்கிறது. கையில் ஒரு மண்வெட்டி, ஒரு சாக்கு, பக்கத்தில் மனைவி அன்னம். மூன்று ஏக்கர் வயலும் இரண்டு ஏக்கர் மேட்டுக்காணியும் அரசாங்கம் தந்தது. காணி என்று சொன்னால் காடு. நுளம்பு, பாம்பு, யானை. நான் இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். படித்தவர்கள் ஓடிப்போனார்கள், நான் நின்றேன். பத்து வருஷத்துக்குள் நாலாம் வாய்க்காலில் என்னைக் கேட்காமல் ஒரு கூட்டமும் நடக்காது. பெற்றார் ஆசிரியர் சங்கத் தலைவரும் நான்தான்.

அந்தத் தலைவருக்கு வாசிக்கத் தெரியாது.

இதை முதல் முறையாக எழுதுகிறேன். எழுத்துகளில் பாதி தெரியும். கூட்டி வாசிக்க வராது. என் பெயரை ஒரு படம் மாதிரிப் பழகி வைத்திருந்தேன். கடிதம் வந்தால் அன்னத்திடம் நீட்டுவேன். "கண் மங்கலாக் கிடக்கு, நீ வாசி" என்பேன். முப்பது வயதில் கண் மங்கல்! அன்னம் ஐந்தாம் வகுப்பு. ஒரு நாளும் சிரிக்காமல் வாசித்துச் சொல்வாள். அலுவலகங்களில் என்றால் "கண்ணாடி கொண்டு வரேல்லை." என் மகள் அந்த வசனத்தை எங்கே பொறுக்கினாள் என்று உங்களுக்கு இப்போது தெரியும்.

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு அப்போது ஒரே ஒரு ரீச்சர். பயிற்சிக் கலாசாலை முடித்த கையோடு வந்தவர். வயது இருபத்தைந்துக்குள். புதுக்குடியிருப்பில் ஒரு வீட்டில் தங்கி நின்று பஸ்ஸில் வந்து போவார். அரிவரி படிக்கிற சின்னப் பிள்ளைகளுக்குப் பழைய அட்டைப்பெட்டிகளை வெட்டிப் படம் கீறி, அடியில் சொல்லை எழுதி வைத்திருப்பார்.

புவனத்துக்கு எட்டு வயது. வீட்டில் புத்தகத்தை விரித்தால் முதல் பக்கம் தொடங்கிக் கடைசிப் பக்கம் வரை மணி அடித்தது போல வாசிப்பாள். வருகிற போகிற ஆட்களை மறித்து வைத்து நான் அவளை வாசிக்க விடுவேன். ஒரு நாள் ரீச்சர் வீட்டுக்கு வந்தார்.

"ஐயா, குறை நினைக்கக்கூடாது. புவனம் வாசிக்கிறதில்லை. மற்றப் பிள்ளையள் வாசிக்கிறதைக் கேட்டுப் பாடமாக்கி வைச்சிருக்கிறாள். கெட்டிக்காரி. பள்ளிக்கூடம் விட்டாப்போலை ஒரு மணித்தியாலம் விட்டீங்களெண்டால்..."

"பின்னேரம் அவள் மாடு பாக்க வேணும்."

"கிழமையிலை மூண்டு நாள் காணும் ஐயா."

"என்ரை பிள்ளை வாசிக்கிறாளோ இல்லையோ எண்டு எனக்குத் தெரியாதோ? நான் தினம் கேக்கிறன்."

"கேக்கிறீங்கள்தான்" என்று சொல்லி அவர் என்னைப் பார்த்தார். ஒரு கண நேரம்தான். பிறகு அன்னம் கொடுத்த பிளேன்ரீயைக் குடித்துவிட்டுப் போனார். அந்தப் பார்வையில் அவருக்கு என்னைப் பற்றி எல்லாம் தெரிந்துவிட்டது என்று எனக்குப் பட்டது. அன்றிலிருந்து அவரை எனக்குப் பிடிக்கவில்லை. காரணம் அவ்வளவுதான்.

4

அந்த மாரிக்கு முன்னர் பள்ளிக்கூடத்தைப் பார்வையிட வித்தியாதரிசி வந்தார். இன்றைக்கு நீங்கள் கல்வி அதிகாரி என்பீர்கள். மூன்றாம் வகுப்பில் விரல்விட்டு எண்ணக்கூடிய பிள்ளைகள்தான் வாசித்தார்கள். மனிதர் நல்லவர். தண்டிக்க வரவில்லை. "இது ரீச்சர் தனிய செய்யிற வேலையில்லை. விசயம் தெரிஞ்ச ஆக்களைக் கூப்பிட்டு யோசனை கேப்பம்" என்றார். ஒரு சனிக்கிழமை பின்னேரம் கொட்டிலில் கூட்டம் வைத்தோம். கதிரைகள் என் வீட்டிலிருந்து போயின.

வந்தவர்கள் மூன்று பேர். வடமராட்சியில் நாற்பது வருஷம் படிப்பித்து ஓய்வெடுத்து, மகனோடு குடியேற்றத்தில் இருந்த கிழவர் ஒருவர். அவரை எல்லோரும் சட்டம்பியார் என்போம். புதுக்குடியிருப்பு மருந்துச்சாலையில் வைத்தியம் பார்க்கிற அப்போதிக்கரி. முல்லைத்தீவிலிருந்து துணி கொண்டுவந்து விற்று நெல் வாங்கிப் போகிற காசிம் நானா. அவர் ஊரில் பின்னேரங்களில் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதக் கொடுக்கிறவர்.

சட்டம்பியார்தான் தொடங்கினார்.

"முதல் மணலிலை எழுத்து. இருநூற்றி நாப்பத்தேழும் முடிஞ்ச பிறகுதான் சொல்லு. இப்ப என்ன நடக்குது? அட்டையிலை படம்! படங்காட்டிப் படிப்பிக்க இதென்ன படமாளிகையோ?"

சனம் சிரித்தது. ரீச்சரும் சிரித்தார்.

"படத்தைப் பாத்தால் பிள்ளை வாய் திறக்குது ஐயா. வாய் திறந்தால்தானே எழுத்து உள்ளை போகும்."

"எங்கட காலத்திலை வாய் திறக்கப் பிரம்பு இருந்தது" என்றார் சட்டம்பியார்.

அப்போதிக்கரி தன் பையைத் தட்டினார். "பிரம்பும் வேண்டாம் படமும் வேண்டாம். முதல் பூச்சி மருந்து. போன மாசம் இந்தப் பிள்ளையளின்ரை கண்மடலை இழுத்துப் பாத்தனான், வெள்ளைச் சீலை மாதிரிக் கிடக்கு. ரத்தமில்லாத பிள்ளை கடதாசியைப் பாத்துக்கொண்டே நித்திரை கொள்ளும்."

வித்தியாதரிசி வரவு இடாப்பைப் புரட்டினார். "கதிர் வாற காலத்திலை வகுப்பிலை பாதி இல்லை. எல்லாம் வயலிலை குருவி கலைக்குது போலை" என்று சொல்லி என்னைப் பார்த்தார். தலைவரின் மகளும் அந்தப் பாதியில்தான் இருந்தாள்.

கடைசியாகக் காசிம் நானா. அவர் மெதுவாகப் பேசுகிறவர்.

"எனக்கு உங்கட பாடம் தெரியாது. ஆனா ஒண்டு சொல்லலாம். ஓதுறது வேறை, வாசிக்கிறது வேறை. எங்கட புள்ளைகள் ஒரு பக்கத்தை அப்பிடியே ராகமாச் சொல்லிப்போடும். நான் நடுவிலை விரலை வைச்சு, இதிலையிருந்து சொல்லு வாப்பா எண்டுவன். அப்பத் தெரியும் கண் வேலை செய்யுதோ, காது வேலை செய்யுதோ எண்டு."

எல்லோரும் பேசிவிட்டார்கள். நான் மட்டும் பேசவில்லை. எனக்கு அது பொறுக்குமா? எழுந்தேன்.

"இந்தக் கதையெல்லாம் எதுக்கு? என்ரை மகளுக்கு ஒரு மணலும் இல்லை, மருந்தும் இல்லை. பிள்ளை புவனம், இங்கை வா. வாசி."

ரீச்சர் அரைவாசி எழுந்தார். "ஐயா, இண்டைக்கு வேண்டாமே. அவள் களைச்சுப் போனாள்" என்றார். நான் கையைக் காட்டி அவரை இருக்கச் சொன்னேன்.

புவனம் புத்தகத்தை விரித்து நின்றாள். "கிணற்றடியில் ஒரு மாமரம் நிற்கிறது" என்று தொடங்கி மூன்று பக்கம் ஓடினாள். கொட்டிலே கைதட்டியது. நான் மீசையைத் தடவினேன். காசிம் நானாவுக்கும் உண்மையான சந்தோஷம்.

"மாஷா அல்லா! கெட்டிக்காரப் புள்ளை. எங்கை, இதிலையிருந்து ஒருக்காச் சொல்லுங்கோ" என்று பக்கத்தின் நடுவில் விரலை வைத்தார்.

புவனம் அந்த விரலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு, "கிணற்றடியில் ஒரு மாமரம் நிற்கிறது" என்று மறுபடி தொடங்கினாள்.

பின்வரிசை வாங்கில் இருந்த ஒருவன், பெயர் வேண்டாம், அவன் பிள்ளைகள் இந்த மலரை வாசிப்பார்கள், உரக்கச் சொன்னான்:

"கந்தையா அண்ணை, இது கிராமபோன் பிளேட்டு! ஊசியை முதலிலை வைச்சால்தான் பாடும்!"

அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. புவனம் புத்தகத்தை மூடினாள். ரீச்சர் போய் அவளைத் தன்னோடு அணைத்து, வெளியே விளையாட அனுப்பிவிட்டு வித்தியாதரிசியிடம் சொன்னார்: "மூண்டு பக்கத்தைக் கேட்டே பாடமாக்கின பிள்ளை சேர். இந்த மூளையை வைச்சு வாசிக்கப் பழக்கலாம். எனக்கு மூண்டு மாசம் தாங்கோ."

மகளுக்காக நின்றது அந்த ரீச்சர்தான். நான் என் கதிரையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

5

நம் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒருவரோடு கோபம் என்றால் அவர் முகத்துக்கு நேரே பேசமாட்டோம். பெட்டிசம் போடுவோம். விதானையார் மீது, தபால்காரர் மீது, பக்கத்து வயல்காரன் மீது. அரசாங்கத்துக்கு எழுதிப் போட்டுவிட்டு, கோயிலில் அந்த ஆளோடு சேர்ந்து தேர் இழுப்போம்.

திங்கட்கிழமை அன்னத்துக்குச் சொல்லாமல் புதுக்குடியிருப்புக்குப் போனேன். சந்தைக்குப் பக்கத்தில் மேசை போட்டுப் பெட்டிசம் எழுதுகிற ஒருவர் இருந்தார்.

"என்ன முறைப்பாடு?" என்றார்.

"ரீச்சர் சரியாப் படிப்பிக்கிறேல்லை. படங்காட்டிப் பிள்ளையளைப் பழுதாக்கிறா. மாத்த வேணும்."

"உதுக்கு மாத்தமாட்டாங்கள் ஐயா. உது சப்பை." பேனையைத் தலையில் சொருகிக்கொண்டு யோசித்தார். "அப்போதிக்கரியின்ரை காரிலை அவா ஏறிப் போறதை நானும் கண்டனான். மற்றதையும் சேத்துப் போடட்டோ?"

பஸ் தவறிய நாட்களில் அப்போதிக்கரி அவரை ஏற்றிப் போவார். வேறு பெண்களையும் ஏற்றுவார், கிழவிகளையும் ஏற்றுவார். அது எனக்குத் தெரியும். "மற்றது" என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தேன்.

"எதைப் போட்டால் மாத்துவாங்களோ அதைப் போடும்" என்றேன்.

எழுதி முடித்து நீட்டினார். "வாசிச்சுப் பாத்துக் கையெழுத்து வையுங்கோ."

தாளை வாங்கினேன். கண்ணை மேலிருந்து கீழே மெதுவாகக் கொண்டுபோனேன். ஓரிடத்தில் நிறுத்தி, "ம்" என்றேன். இன்னோரிடத்தில் தலையாட்டினேன். நன்றாகப் பழகிய வேலை. பிறகு என் பெயரை வரைந்தேன்.

ஒரு மாதத்துக்குள் விசாரணை வந்தது. பெரிய அதிகாரி ஒருவர், கூடவே பழைய வித்தியாதரிசி. அதே கொட்டில். ரீச்சர் ஒரு கதிரையில். தகப்பன்மார் பத்துப் பன்னிரண்டு பேர் சுற்றி நின்றார்கள். பிள்ளைகளை வெளியே அனுப்பியிருந்தார்கள். அது ஒன்றுதான் அன்றைக்கு நடந்த நல்ல காரியம்.

அதிகாரி பெட்டிசத்தை உரத்து வாசித்தார். நான் கையெழுத்து வைத்த கடிதத்தை நான் முதல் முறையாகக் கேட்டேன். அதில் படமும் இல்லை, படிப்பும் இல்லை. ஒரு குமர்ப்பிள்ளையைப் பற்றி எழுதக்கூடாதது எல்லாம் இருந்தது. இடமும் நேரமும்கூட இருந்தன. அந்த வசனங்களை இங்கே எழுதமாட்டேன். ரீச்சரின் பெயரைச் சொல்லியே எழுதியிருந்தது.

வாசித்து முடித்ததும் அதிகாரி என்னைப் பார்த்தார்.

"இதை வாசிச்சுப் பாத்துத்தானே கையெழுத்து வைச்சனீங்கள்?"

இல்லை என்ற ஒரு சொல் போதும். எனக்கு வாசிக்கத் தெரியாது, அவன் எழுதியதை நான் அறியேன் என்று சொன்னால் அந்த இடத்திலேயே எல்லாம் கரைந்துபோகும். சுற்றிப் பார்த்தேன். கிராமபோன் என்று சொன்னவனும் நின்றான். நான் தலைவர். அந்தக் கொட்டிலுக்கு மரம் தறித்தவன்.

நான் தயங்கியதை ரீச்சர் கண்டார். அழுதுகொண்டிருந்தவர் முகத்தைத் துடைத்துவிட்டு என்னிடம் பேசினார். குரலில் கோபம் இல்லை.

"ஐயா, இதை உங்களுக்கு ஒருத்தரும் வாசிச்சுக் காட்டேல்லை எண்டு மட்டும் சொல்லுங்கோ. எனக்கு அது காணும்."

எனக்கு வெளியே போக ஒரு வாசல் திறந்து விட்டார். அதுவும் என் மானம் போகாத மாதிரி, சொல்லைப் பார்த்துப் பார்த்து எடுத்து. நான் என்ன செய்தேன் தெரியுமா? துள்ளி எழுந்தேன்.

"என்னை வாசிக்கத் தெரியாதவன் எண்டு சொல்லுறீரோ? நான் வாசிச்சுத்தான் வைச்சனான்! ஒவ்வொரு எழுத்தும் வாசிச்சுத்தான் வைச்சனான்!"

அதோடு முடிந்தது. இரண்டு கிழமைக்குள் அவரைத் தூர இடத்துக்கு மாற்றினார்கள். அப்போதிக்கரி எங்கள் பக்கம் வருவதை நிறுத்தினார். பூச்சி மருந்தும் நின்றது. ரீச்சருக்குப் பேசியிருந்த கலியாணம் ஒன்று குழம்பியது என்று பிறகு காதில் விழுந்தது. உண்மையா என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் உண்மையாக இருந்துவிடும் என்று பயம்.

புவனத்துக்கு ஒருவரும் சொல்லவில்லை; அன்னத்துக்கு ஊர் வாயால் எல்லாம் தெரிந்தது. அவள் கத்தவில்லை. அடுத்த கடிதம் வந்தபோது நான் வழக்கம் போல நீட்டினேன். வாங்கவில்லை.

"ஒவ்வொரு எழுத்தும் வாசிக்கிற ஆள்தானே. இனி நீங்களே வாசியுங்கோ."

சாகும்வரை அவள் எனக்கு ஒரு கடிதமும் வாசிக்கவில்லை.

6

அடுத்த ரீச்சர் வர ஒரு வருஷத்துக்கு மேல் சென்றது. வந்தபோது புவனத்தை நான் அனுப்பவில்லை. பொம்பிளைப் பிள்ளைக்கு இவ்வளவு படிப்புக் காணும் என்று சொன்னேன். உண்மைக் காரணம் வேறு. இன்னொரு கூட்டத்தில் இன்னொருவர் அவள் புத்தகத்தின் நடுவில் விரலை வைத்துவிடுவார் என்ற பயம். அந்தக் கிணற்றைப் பெரிதாக்கி, மேடையெல்லாம் போட்டு நான் கட்டிக் கொடுத்தது அதற்குச் சில மாதம் கழித்துத்தான். ஊர் என்னைப் பாராட்டியது. நான் எதை மூடக் கட்டினேன் என்று எனக்குத் தெரியும்.

இங்கே வந்த பிறகு, அறுபது வயதில், நான் வாசிக்கவும் எழுதவும் பழகினேன். இதில் கொஞ்சம் பெருமைப்பட எனக்கு உரிமை உண்டு. பனிக்காலத்தில் வெளியே போகமுடியாது. தமிழ்க் கடைகளில் சும்மா கிடைக்கிற பத்திரிகைகளை அள்ளி வந்து, கதவைச் சாத்திக்கொண்டு எழுத்துக்கூட்டினேன். முதலில் மரண அறிவித்தல்கள். அவற்றில் ஒரே சொற்கள் திரும்பத் திரும்ப வரும். ஆறு மாதத்தில் ஒரு பக்கத்தை முழுதாக வாசித்தேன். அன்றைக்கு எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொல்லி முடியாது.

சந்தோஷம் ஒரு மணித்தியாலம்தான் நின்றது. அறுபது வயதுத் தேய்ந்த மண்டைக்கு ஆறு மாதம் போதும் என்றால், மூன்று பக்கத்தைக் காதால் கேட்டே பாடமாக்கிய எட்டு வயதுப் பிள்ளைக்கு மூன்று மாதம் கேட்டாரே அந்த ரீச்சர், அது எவ்வளவு சரியான கணக்கு!

நான் வாசிக்கப் பழகியதைப் புவனத்துக்குச் சொன்னேன். "நீங்கள் கெட்டிக்காரனப்பா" என்றாள். அவள் முன்னால் பத்திரிகையை விரித்து வைத்து வாசித்துக் காட்டினேன். அவளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று ஒரு நாள்கூட எனக்குத் தோன்றவில்லை. இதை எழுதும்போதுதான் அதுவும் உறைக்கிறது.

7

அந்தப் பஸ் பயணத்துக்குப் பிறகு நான்கு நாள் இருந்து இதை எழுதினேன். எழுதுவது சுலபமாக இருந்தது. முடிந்ததும்தான் பார்த்தேன்: உங்களுக்கு அனுப்பினால் நீங்கள் வாசிப்பீர்கள், ஊர் வாசிக்கும். யாருக்குத் தெரியவேண்டுமோ அவளுக்கு மட்டும் இதை வாசிக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மருமகன் ஆரணியைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனார். புவனம் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, "மலருக்கு எழுதினது. கேள் பிள்ளை" என்றேன். கிணற்றுக் கதை என்று நினைத்துத் தலையாட்டினாள்.

மூன்றாவது பகுதியில் அவள் கத்தியை வைத்தாள். ஐந்தாவதில் அடுப்பை நிறுத்தினாள். நான் தாளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "வாசிச்சுத்தான் வைச்சனான்" என்ற இடத்தில் தடக்கி, அதை இரண்டு தரம் வாசிக்க வேண்டியிருந்தது.

முடித்த பிறகு அவள் எழுந்து தண்ணீர்க் குழாயைத் திறந்து நெடுநேரம் கை கழுவினாள்.

"அப்ப, என்னாலை இல்லை" என்றாள், சுவரைப் பார்த்து.

"இல்லைப் பிள்ளை."

"அவா எனக்கு மூண்டு மாசம் கேட்டவாவோ?"

"ஓம்."

அதற்குப் பிறகு இரண்டு நாள் சாப்பாடு வந்தது, பேச்சு வரவில்லை. என்னை ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சனிக்கிழமை வகுப்புப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன வாய் இருக்கிறது? நூலக வகுப்பின் அறிவித்தல் தாளை யாரோ குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருந்ததை மட்டும் கண்டேன். ஆரணியாகவும் இருக்கலாம்.

மூன்றாம் நாள் வேலைக்கு வெளிக்கிட்டவள், சப்பாத்துப் போட்டபடி வாசலில் நின்று கேட்டாள்.

"அப்பா, நீங்கள் வாசிச்சதிலை ரீச்சரின்ரை பேர் வரேல்லை."

"அது... பேரைப் போட்டால் ஆக்கள் பழையபடி அவாவைப் பற்றிக் கதைப்பினம் எண்டு..."

"அப்பவே கதைச்சு முடிச்சிட்டினம். அந்தப் பெட்டிசத்திலை பேர் போட்டுத்தானே எழுதினீங்கள்?"

"ஓம்."

"இதிலையும் போடுங்கோ."

போடுகிறேன். அவர் பெயர் செல்வி மகேஸ்வரி வேலுப்பிள்ளை. நம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். அவர் மீது நான் கையெழுத்து வைத்துக் கொடுத்தது முழுக்கப் பொய். எழுதியவன் கூலிக்கு எழுதினான், பொய் என்னுடையது. அவர் எங்காவது இருந்தால், அல்லது அவருடைய பிள்ளைகள் இருந்தால், இதைக் காட்டுங்கள். என் படத்தை மலரில் போடவேண்டாம்.

அன்று பின்னேரம் புவனம் வேலையால் வந்ததும் தாளைக் கொண்டுபோய் நீட்டினேன்.

"போட்டிட்டன்."

"எங்கை, காட்டுங்கோ."

இடத்தைக் காட்டினேன். குனிந்து பார்த்தாள். அந்தச் சொற்களின் மேல் விரலை வைத்து, ஒரு முனையிலிருந்து மறு முனைவரை மெல்லக் கொண்டுபோனாள்.

"இவ்வளவுதானோ? இவ்வளவு சின்னனாவோ எழுதினீங்கள்?"

"எல்லாம் ஒரே அளவிலைதான் எழுதியிருக்கிறன் பிள்ளை."

"இதைப் பெரிசா எழுதுங்கோ."

வெட்டிவிட்டு மேலே பெரிதாக எழுதியிருக்கிறேன். தாளில் பார்த்தால் உங்களுக்கு விளங்கும். அச்சில் எந்த அளவில் போடுவீர்களோ அது உங்கள் கையில்.